நாட்பட்ட குடல் அழற்சி நோய்: கண்டறிதலும் தொடர் சிகிச்சையும்

வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் பல வாரங்களாக நீங்காமல் இருப்பவர்களுக்கும், குடல் அழற்சி நோய் இருப்பதாக மருத்துவர் கூறியவர்களுக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் இப்பக்கம் உதவும். சிறப்பு மருத்துவரும் உயர் பரிசோதனைகளும் தொலைவிலுள்ள நகரத்தில்தான் கிடைக்கின்றன என்ற நிலையிலும், நோயைச் சரியாகக் கண்டறியவும் கட்டுக்குள் வைத்திருக்கவும் நீங்கள் என்ன செய்யலாம் என்பதை இங்கே அறியலாம்.

முக்கியச் செய்திகள்

• மலத்தில் இரத்தம் வருவதற்கு மூலம் மட்டுமே காரணம் அன்று. வயிற்றுப்போக்கு 4 வாரங்களுக்கு மேல் நீடித்தால் பரிசோதனை தேவை.
• நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன் நோயும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே காசநோய் இல்லை என்று உறுதி செய்வது மிக முக்கியம்.
• ஸ்டீராய்டு மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி உட்கொள்ளாதீர்கள். உட்கொண்டு வருபவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள்.
• உடல் நலமாக இருக்கும்போதும் மருந்தைத் தொடர வேண்டும்.
• உங்கள் மருத்துவ ஆவணங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் பாதுகாத்து வாருங்கள்.

குடல் அழற்சி நோய் என்றால் என்ன?

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே குடலின் சுவரைத் தாக்கி, அதில் வீக்கத்தையும் புண்களையும் உண்டாக்குவதே குடல் அழற்சி நோய். மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ஐ.பி.டி. என்பர். இதில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன.

பெருங்குடல் புண் நோய் (அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்): இது பெருங்குடலை மட்டுமே பாதிக்கும். பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி, இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும். இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கும், அடிக்கடி மலம் கழிக்க வேண்டும் என்ற அவசரமும் இதன் முக்கிய அறிகுறிகள்.

குரோன் நோய்: இது வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியையும் பாதிக்கலாம். சிறுகுடலின் கடைப்பகுதியே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. ஓரிடத்தில் புண்ணும் அடுத்த இடத்தில் நல்ல குடலுமாக விட்டுவிட்டுக் காணப்படும். புண் குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் செல்வதால் குடல் சுருங்கி அடைப்பு ஏற்படலாம், பௌத்திரமும் தோன்றலாம்.

இவ்விரண்டும் பிறருக்குத் தொற்றும் நோய்கள் அல்ல. சில மாதங்கள் அடங்கியிருந்து மீண்டும் தலைதூக்குவது இவற்றின் இயல்பு.

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் வேறு. அதில் வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் இருக்கும். ஆனால் குடலில் புண் இராது. மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவற்றுக்கு ஐ.பி.எஸ். காரணமாகாது. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால், உங்கள் சீட்டில் எழுதப்பட்டிருப்பது எது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எப்போது ஐயுற வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்:

• 4 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு
• மலத்தில் இரத்தம் அல்லது சளி
• உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி அல்லது வயிற்றுப்போக்கு
• காரணமின்றி உடல் எடை குறைதல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல்
• சிகிச்சை பெற்றும் மீளாத இரத்தசோகை
• அறுவை சிகிச்சைக்குப் பின்னும் திரும்பத் திரும்ப வரும் பௌத்திரம்
• வயிற்றுக் கோளாறுடன் மூட்டுவலி, கண் சிவத்தல், வாய்ப்புண்
• குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமும் எடையும் கூடாமை, பூப்பெய்துவதில் தாமதம்

இந்நோய் எந்த வயதிலும் வரலாம். இளம் வயதில் தொடங்குவதே மிகுதி. "இந்த வயதில் என்ன நோய் வந்துவிடப் போகிறது" என்று காலம் கடத்த வேண்டாம்.

கண்டறிவதில் ஏன் தாமதம் ஏற்படுகிறது?

முதற்காரணம் கூச்சம். மலத்தில் இரத்தம் வருவதைக் குடும்பத்தாரிடம்கூடப் பலர் சொல்வதில்லை. இரண்டாவது, "மூலம்தான்" என்ற முடிவு. மூலத்தில் பெரும்பாலும் மலம் கழித்தபின் சிவந்த இரத்தம் சொட்டும். வயிற்றுப்போக்கோ எடைக்குறைவோ இராது. மூலத்துக்குச் சிகிச்சை பெற்றும் இரத்தம் நிற்கவில்லை என்றால் மீண்டும் மருத்துவரை அணுகுங்கள்.

மூன்றாவது, சீதபேதி. அமீபா போன்ற கிருமிகளாலும் இரத்தமும் சளியும் கலந்து மலம் கழியும். அதற்கான மருந்துகளைச் சில நாட்கள் உட்கொண்டு, சற்றுக் குறைந்ததும் விட்டுவிட்டு, மீண்டும் வந்தால் அதே மருந்தைக் கடையில் வாங்குவது பலரிடம் காணப்படும் வழக்கம். சரியான மருந்தை முழு நாட்களும் உட்கொண்ட பிறகும் அறிகுறிகள் திரும்பினால், காரணம் வேறாக இருக்கலாம் என்று கருத வேண்டும்.

எந்த மருத்துவமனையில் எந்தப் பரிசோதனை?

எல்லாப் பரிசோதனைகளுக்கும் நகரத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. முதற்கட்டப் பரிசோதனைகளை ஊருக்கு அருகிலேயே முடித்துக்கொண்டால் பயணமும் செலவும் குறையும்.

ஆரம்ப சுகாதார நிலையம்: உடல் எடை, நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரத்தச் சர்க்கரை, கிருமிகளுக்கான மலப் பரிசோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்யப்படும். தொடர்ந்து எடை குறைவதும் இரத்தசோகை இருப்பதும் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப் போதுமான காரணங்கள்.

வட்ட மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை: மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், அழற்சியின் அளவைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகள், எச்.ஐ.வி. பரிசோதனை, காசநோய்க்கான பரிசோதனைகள் ஆகியவை இந்நிலையில் செய்யப்படும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: குடல் இரைப்பை மருத்துவத் துறையில் கொலோனோஸ்கோப்பி எனப்படும் பெருங்குடல் அகநோக்கிப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் செய்யப்படும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். நோயை உறுதி செய்யும் இடம் இதுவே.

பெருங்குடல் புண் நோய் பெரும்பாலும் மலக்குடலில் தொடங்குவதால், பெருங்குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் காணும் சிறிய அகநோக்கிப் பரிசோதனையே (சிக்மாய்டோஸ்கோப்பி) சில நேரங்களில் முதல் முடிவுக்குப் போதுமானது. மிகவும் தளர்ந்திருக்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் இதனையே தேர்ந்தெடுப்பர்.

மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை குடலில் அழற்சி உள்ளதா என்பதை அறிய உதவும். ஆயினும் கிருமித் தொற்றிலும், வலி மாத்திரைகள் உட்கொண்டாலும் இதன் அளவு கூடும். இது மட்டுமே நோயை உறுதி செய்யாது. இப்பரிசோதனை உங்கள் பகுதியில் இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கொலோனோஸ்கோப்பிக்கு முந்தைய நாள், குடலைத் தூய்மை செய்யும் மருந்துக் கரைசலைப் பருக வேண்டும். அதன்பின் பலமுறை மலம் கழியும். தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர்கள் முந்தைய நாளே மருத்துவமனையில் தங்கித் தூய்மை செய்துகொள்ள இயலுமா என்று கேளுங்கள். நீரிழிவு மருந்தோ இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ உட்கொள்பவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

காசநோயா, குரோன் நோயா?

நம் நாட்டில் இந்நோயைக் கண்டறிவதில் மிகக் கடினமான கேள்வி இதுவே. குடல் காசநோயும் குரோன் நோயும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே பெரும்பாலும் தாக்குகின்றன. இரண்டிலும் வயிற்றுவலி, காய்ச்சல், எடைக்குறைவு, குடல் சுருக்கம் உண்டு. அகநோக்கியில் காணும் புண்களும் ஒத்திருக்கும்.

இதைத் தவறாக முடிவு செய்தால் இருபுறமும் தீங்கு உண்டு. காசநோய் உள்ளவருக்குக் குரோன் நோய் என்று கருதி எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் உடல் முழுவதும் பரவக்கூடும். குரோன் நோய் உள்ளவருக்குக் காசநோய் மருந்தை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால், அதற்குள் குடல் சுருக்கம் முற்றிவிடலாம். உங்கள் மருத்துவர் முடிவு சொல்லக் காலம் எடுத்துக்கொண்டால், அதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

திசு மாதிரியை நீங்களே ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லும்படி நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நுண்ணோக்கிப் பரிசோதனைக்கான திசு ஃபார்மலின் கரைசலில் வைக்கப்படும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கான திசுவை ஃபார்மலினில் வைக்கக் கூடாது. அது கிருமியைக் கொன்றுவிடும். அந்த மாதிரி தூய உப்பு நீரில் தனிக் குப்பியில் தரப்படும். எந்தக் குப்பி எந்த ஆய்வகத்துக்கு என்று கேட்டு, மேலே எழுதப்பட்டிருப்பதைச் சரிபார்த்து, தாமதமின்றிச் சேர்ப்பியுங்கள்.

எல்லாப் பரிசோதனைகளுக்குப் பின்னும் தெளிவு கிடைக்காவிட்டால், மருத்துவர் காசநோய் மருந்தைத் தொடங்கி 2 முதல் 3 மாதங்களில் மீண்டும் அகநோக்கிப் பரிசோதனை செய்யச் சொல்வார். காசநோயாயின் அதற்குள் புண்கள் ஆறத் தொடங்கியிருக்கும். ஆறவில்லை என்றால் குரோன் நோய் அல்லது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்ற கோணத்தில் ஆராய்வர். இந்த இரண்டாவது பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். "வலி குறைந்துவிட்டது, எதற்கு மீண்டும் குழாய்?" என்று பலர் வராமல் இருந்துவிடுகின்றனர். குரோன் நோயிலும் தற்காலிகமாக வலி குறையலாம். புண் ஆறியதா என்பதே விடையைச் சொல்லும்.

குடல் காசநோய் என்று உறுதியானால் சிகிச்சை பொதுவாக 6 மாதங்கள். மருந்துகள் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கும். நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் ஊட்டச்சத்துக்கான மாத உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. பதிவு செய்யும்போது வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுங்கள். சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது ரிஃபாம்பிசின் மருந்தின் இயல்பு, அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மருந்துகளை அறிந்துகொள்ளுங்கள்

சல்ஃபாசலசின், மெசலமின்: பெருங்குடல் புண் நோயின் மிதமான நிலைக்கு இவையே அடிப்படை மருந்துகள். சல்ஃபாசலசின் விலை குறைந்தது. நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. இதனுடன் ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதனை முன்பே சொல்ல வேண்டும். ஆண்களுக்கு விந்தணுக்கள் தற்காலிகமாகக் குறையலாம். மருந்தை மாற்றினால் சீராகும். நோய் மலக்குடலில் மட்டும் இருந்தால் ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தே நன்கு பலனளிக்கும். கூச்சத்தால் அதனைத் தவிர்க்காதீர்கள்.

பிரெட்னிசோலோன்: இது ஸ்டீராய்டு வகை மருந்து. நோய் தீவிரமாக இருக்கும்போது விரைவில் அடக்கும். நோய் திரும்ப வராமல் காக்கும் திறன் இதற்கு இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தவாறு படிப்படியாக அளவைக் குறைத்து நிறுத்த வேண்டும். நீண்ட நாள் உட்கொண்டபின் திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் இரத்த அழுத்தக் குறைவும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்து உட்கொண்டால் எலும்பு தேய்வு, சர்க்கரை நோய், கண்புரை, கிருமித் தொற்று ஆகியவை வரும். அமீபா தொற்றிலோ காசநோயிலோ தெரியாமல் இதனை உட்கொண்டால் நோய் முற்றும். பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும், அவற்றைத் தவிருங்கள்.

அசத்தியோபிரின்: ஸ்டீராய்டு தேவைப்படாமல் நோயை அடக்கி வைக்க உதவும் மாத்திரை. இது பலன் தர 2 முதல் 3 மாதங்கள் ஆகும், பொறுமை தேவை. இரத்த வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால், தொடக்கத்தில் அடிக்கடியும் பின்னர் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை அவசியம். இதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொண்டு, முடிவைச் சிறப்பு மருத்துவரிடம் காட்டலாம். முதல் சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தாலோ, காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் வந்தாலோ, அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் மாத்திரையை இதனுடன் சேர்த்து உட்கொள்வது ஆபத்தானது. வேறு மருத்துவர் எழுதித் தந்தாலும் இதனைச் சொல்லுங்கள்.

ஊசி வழி உயிரியல் மருந்துகள்: மேற்கண்டவற்றுக்குக் கட்டுப்படாத நோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்றவை தரப்படும். இவை விலை மிகுந்தவை. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை இவை எழுப்பிவிடக்கூடும். ஆகவே மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் ஹெப்பாடைட்டிஸ் பி பரிசோதனையும் முடிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

அறுவை சிகிச்சை: குடல் அடைப்பு, நிற்காத இரத்தப்போக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத நோய் ஆகியவற்றுக்கு இது தேவைப்படலாம். உரிய நேரத்தில் செய்தால் உயிரைக் காக்கும்; தள்ளிப்போட்டு மிகத் தளர்ந்த பின் செய்வதே ஆபத்தைக் கூட்டும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தவிருங்கள். இவை நோயைத் தூண்டக்கூடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் உரிய அளவில் பாரசிட்டமால் போதுமானது. புகைபிடித்தல் குரோன் நோயை மோசமாக்கும்.

உணவு

இந்நோய்க்கென்று எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பத்தியம் இல்லை. அஞ்சி அஞ்சி ஒவ்வொன்றாக விலக்கினால் உடல் மெலிந்து சிகிச்சையே பலனற்றுப் போகும். நோய் அடங்கியிருக்கும்போது வீட்டில் எல்லோரும் உண்ணும் உணவையே உண்ணலாம்.

நோய் தீவிரமாக உள்ள நாட்களில் இட்லி, குழைந்த சாதம், கஞ்சி, வேகவைத்த முட்டை, தோல் நீக்கிய பருப்பு, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். தயிரும் மோரும் ஒத்துக்கொண்டால் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கு மிகுந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் அவசியம். சுகாதார நிலையத்தில் பொட்டலமாகக் கிடைக்கும்.

குடல் சுருக்கம் இருப்பதாக மருத்துவர் கூறியிருந்தால் முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, கொட்டைகள் போன்ற நாரும் சக்கையும் மிகுந்தவற்றைத் தவிருங்கள், அடைப்பை உண்டாக்கக்கூடும். குடிநீரைக் காய்ச்சிப் பருகுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• ஒரு நாளில் 6 முறைக்கு மேல் இரத்தம் கலந்த மலம், அத்துடன் காய்ச்சல் அல்லது படபடப்பு
• வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமை
• தாங்க முடியாத வயிற்றுவலி, வயிறு கல்போல் இறுகுதல்
• எழுந்து நின்றால் மயக்கம், சிறுநீர் மிகக் குறைதல்
• ஆசனவாய் அருகே வீக்கம், சீழ், காய்ச்சல்
• ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும், அல்லது மூச்சுத்திணறல்

108 அவசர ஊர்தியை அழையுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்து வீட்டில் காத்திருக்க வேண்டாம். தீவிர நிலையில் அம்மாத்திரை பெருங்குடலை ஆபத்தான அளவுக்கு விரிவடையச் செய்யலாம். சிகிச்சைக் கோப்பை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

கோப்பும் தொடர் கண்காணிப்பும்

மருத்துவர் மாறலாம், மருத்துவமனை மாறலாம்; கோப்பு உங்களிடமே இருக்கும். அதில் இவை இருக்கட்டும்: அகநோக்கிப் பரிசோதனை அறிக்கை, திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படங்கள், மருத்துவமனையிலிருந்து விடுவித்தபோது தந்த சுருக்க அறிக்கை, உட்கொண்ட மருந்துகளின் பெயரும் அளவும் தொடங்கிய நாளும், ஒவ்வாத மருந்துகளின் பட்டியல். வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது, திசுப் பரிசோதனைக்குப் பயன்பட்ட கண்ணாடி வில்லைகளையும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டுப் பெறுங்கள். மீண்டும் திசு எடுக்க வேண்டிய தேவை குறையும்.

ஒரு சிறு குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை உடல் எடை, நாளுக்கு எத்தனை முறை மலம் கழிந்தது, இரத்தம் இருந்ததா என்பவற்றை எழுதுங்கள். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாத மருந்தைப் பெறுங்கள். தொலைவிலிருந்து வருபவர்கள் கூடுதல் நாட்களுக்கான மருந்தைக் கேட்கலாம். இல்லையெனில் சீட்டைக் காட்டி அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அதே மருந்து கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கும் விலை மிகுந்த மருந்துகளுக்கும் முன்னதாக மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, தங்கள் சிகிச்சை திட்டத்தில் அடங்குமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நகை அடகு வைப்பதற்கும் கடன் வாங்குவதற்கும் முன்பு இதனைச் செய்யுங்கள். பொதுவான உடல்நல ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

கர்ப்பமும் தாய்மையும்

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பதே தாய்க்கும் சேய்க்கும் நல்லது. கர்ப்பம் என்று தெரிந்ததும் அச்சத்தால் மருந்தை நிறுத்தாதீர்கள்; சல்ஃபாசலசின், மெசலமின், அசத்தியோபிரின் ஆகியவற்றை மருத்துவர் ஆலோசனையுடன் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்யும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தெரிவியுங்கள். கர்ப்ப காலத்தில் உயிரியல் ஊசி மருந்து பெற்றிருந்தால், பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி., ரோட்டா ஆகிய தடுப்பு மருந்துகள் தரும் முன் அதனைக் கட்டாயம் சொல்லுங்கள். பி.சி.ஜி. பிறந்தவுடன் போடப்படுவதால், பிரசவத்துக்கு முன்பே தாய்சேய் நல அட்டையில் எழுதி வாங்குவது பாதுகாப்பானது.

பராமரிப்பவர்களுக்கு

நோயாளிக்கு முதலில் தேவைப்படுவது எளிதில் செல்லக்கூடிய கழிப்பறை. பள்ளியிலும் பணியிடத்திலும் அனுமதி கேட்காமல் கழிப்பறை செல்ல ஏற்பாடு செய்து கொடுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கடிதம் பெறுங்கள். "கண்டதைத் தின்றதால் வந்தது" என்ற சொல் உண்மையும் அன்று, உதவியும் அன்று. சோர்வும் மனத்தளர்ச்சியும் இந்நோயில் மிகுதி. உறக்கமின்மையோ வாழ்வில் வெறுப்போ தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்நோய் முற்றிலும் குணமாகுமா?
குடல் காசநோய் உரிய மருந்தால் குணமாகும். பெருங்குடல் புண் நோயும் குரோன் நோயும் நீண்ட காலம் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடியவை. படிப்பு, வேலை, திருமணம், குழந்தைப்பேறு எதற்கும் இவை தடையல்ல.

புற்றுநோயாக மாறுமா?
பெருங்குடலில் பல ஆண்டுகள் நீடிக்கும் அழற்சி புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். ஆகவே நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனபின், அறிகுறி இல்லாவிட்டாலும் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அடுத்தடுத்த பரிசோதனைகளை எப்போது செய்வது என்பதை மருத்துவர் கூறுவார்.

தடுப்பூசி போடலாமா?
பெரும்பாலானவற்றைப் போடலாம். எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். எந்தத் தடுப்பூசிக்கும் முன் உங்கள் மருந்துகளைத் தெரிவியுங்கள்.

ஓராண்டாக எந்தத் தொல்லையும் இல்லை. மருந்தை நிறுத்தலாமா?
நீங்களாக நிறுத்த வேண்டாம். தொல்லை இல்லாதிருப்பது பெரும்பாலும் மருந்தின் பலனே. குறைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்வார்.

இப்பக்கத்தின் தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. உங்களுக்குரிய மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.